அவள் சொல்லவேண்டிய பதில்

எட்வின் பொன்னுத்துரை படுத்த படுக்கையாயிருந்த மனைவியின் கட்டிலருகே மேசையை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணியை நான்கு மூலையும் சரிபார்த்து விரித்தார். ஃபாதர் யுகேஷ் தம் சிறிய பெட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, நற்கருணை குடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். இவங்க இதுவரைக்கும் ஒரு தடவகூட வாங்கினதில்ல.”

“ஃபாதர் வேற ஆரையோ நினைச்சுக் கதைக்கிறியள். இவ கிரேஸ். என்ர மனுசி. நாப்பத்தொரு வருசமா ஒரு ஞாயிறு தவறினதில்லை.”

“கோயிலுக்கு வர்றாங்க ஐயா. பீடத்துக்கு வந்து வாங்கினதில்ல.”

எட்வின் சட்டென்று நிமிர்ந்தார். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த பிள்ளை, கண்டிக்கு வந்து மூன்று வருடம் ஆகவில்லை, பொன்னுத்துரை வீட்டுக்குள் நின்று என்ன பேச்சுப் பேசுகிறது! மறுத்துச் சொல்லட்டும் என்று மகள் துஷாந்தியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உமக்குத் தெரியுமோ?”

“எல்லாருக்கும் தெரியும் அப்பா.”

கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். முன்வரிசை வாங்குப் பலகை அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உரியது. நற்கருணைக்கு முதல் ஆளாக எழுவார். வாங்கியதும் தலைகுனிந்து திரும்பி, முழந்தாளிட்டுக் கண்ணை மூடினால் கடைசிப் பாட்டுக்குத்தான் திறப்பார். கோயிலில் திரும்பிப் பார்ப்பது குடும்பத்துக்கு அழகில்லை என்று தகப்பனார் படிப்பித்திருந்தார். அவள் இடப்பக்கத்து வாங்கைவிட்டு எழாமல் இருந்ததைச் சபை முழுவதும் பார்த்திருக்கிறது. பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

“ஏன்?” என்றார். யாரைக் கேட்டாரென்று அவருக்கே விளங்கவில்லை.

ஃபாதர்தான் பதில் சொன்னார். “போன வருசம் நானும் கேட்டேன். ‘தண்ணி ஊத்தினது மாமா சொல்லி. இதையாவது நானா மனம் வந்து வாங்கவேணும். கடவுள் பொறுப்பார், அவர் என்ர மாமி மாதிரி அவசரக்காரர் இல்லை’ன்னு சிரிச்சாங்க.”

துஷாந்திக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. எட்வினுக்கு வரவில்லை. சைவக் குடும்பத்துப் பெண். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் ஞானஸ்நானம் என்று அவருடைய தகப்பனார் முடிவுசெய்தார். அவள் தலை குனிந்தாள், தண்ணீர் வார்த்தார்கள், சரோஜினிதேவி கிரேஸ் ஆனாள். குனிந்த தலையை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும்தான். அன்று தொடங்கி அவளிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்னவர் அவர். போன கிழமை டொக்டர் “எங்கே நோகுது?” என்று கேட்டபோதும் அவரே சொன்னார்.

ஃபாதர் கட்டிலின் மேல் குனிந்தார். “சரோஜினிதேவி அம்மா, வாங்கிக்கிறீங்களா?”

“ஓம்” என்றார் எட்வின்.

“நீங்க சொல்லக்கூடாது ஐயா.”

அவள் கண்ணைத் திறந்தாள். ஃபாதரைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தாள். மூச்சைச் சேர்த்தெடுக்க வெகுநேரம் பிடித்தது.

“இஞ்சேருங்கோ... கொஞ்சம் வெளியில நில்லுங்கோ.”

எட்வின் வெளியே வந்து கதவைத் தம் கையாலேயே சாத்தினார். கதிரை இருந்தும் உட்காரவில்லை. உள்ளே ஃபாதரின் தாழ்ந்த குரல் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. மலைப்பக்கமிருந்து வந்த மழை குண்டசாலைக் கூரைகளில் இறங்கத் தொடங்கியதும் அதுவும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேண்டும் என்று சொன்னால், அதை அவர் முன்னால் சொல்ல அவளால் ஏன் முடியவில்லை? இரண்டில் எதற்குப் பயப்படுகிறோம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

துஷாந்தியின் அழுகுரலோடு கதவு திறந்தது.

ஃபாதர் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். அவள் வாங்கினாளா என்று எட்வின் கேட்கவில்லை. ஃபாதரும் சொல்லவில்லை.

பின்னேரம் கலகெதரவிலிருந்து எட்வினின் தம்பி பரமநாதன் வந்தான். முற்றத்தில் போட்ட செத்தவீட்டுப் பந்தலில் சபையார் நிறைந்திருந்தார்கள். துஷாந்தி தேநீர்த் தட்டோடு நின்றாள்.

“அண்ணை, ஃபாதர் நேரத்துக்கு வந்தவரோ? அண்ணி நற்கருணை வாங்கினவவோ?”

துஷாந்தி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உள்ளே நின்றவள். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமலே சொல்லவும் அவர் நாக்கில் ‘ஓம்’ தயாராகத்தான் இருந்தது.

“நான் உள்ளுக்க இருக்கேல்லை.”

“உள்ளுக்க இருக்கேல்லையோ? ஏன்?”

“அவ என்னை வெளியில நிக்கச் சொன்னவ.”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரமநாதன் தன் சப்பாத்தைப் பார்த்தான். எட்வின் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போட முயன்றார். விரல்கள் துளையைத் தேடிக்கொண்டே இருந்தன.