பசராவில் விட்டு வந்த பேர்கள்

ஒன்பதாவது பேரோடு சோலைமலை நின்றுவிட்டார். பூரணி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தாள். அப்பாவின் நெஞ்சுக்குள் சளி கரகரத்தது.

"அப்பா, ஒம்போது ஆச்சு. இன்னும் ரெண்டு பேரு."

"லால்குடி ராமன்..."

"அவரச் சொல்லிட்டீங்கப்பா."

"சொல்லிட்டனா?" கிழவரின் கண்கள் கூரைத் தகரத்தில் எதையோ தேடின. கம்பளிக்குள்ளிருந்து வந்த கை விரல்களை மடக்கி எண்ணியது. ஒன்பதில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. "ரெண்டு பேர விட்டுட்டு வந்துட்டேன் ஆத்தா. நான் போயிட்டா அவனுகளக் கூப்பிட ஆளில்ல."

நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்த தோட்டத்து மருந்துக்கார டிஸ்பென்சர், வாசலில் வைத்து அவள் தம்பி சிவசாமியிடம் இரண்டு நாள் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு ராத்திரி போய்விட்டது.

வெள்ளைக்காரன் துருக்கியோடு சண்டை போட்ட காலத்தில், திருச்சிப் பக்கத்தில் கூலிப்பட்டாளத்துக்கு ஆள் பிடித்தபோது கப்பலேறியவர் சோலைமலை. துப்பாக்கியைத் தொட்டவரில்லை. ஈராக்கில் பசரா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். வெட்டவெளி மணலில் தண்டவாளம் போட்டார். அதற்கப்புறம் நாற்பது வருசத்துக்கு மேலாக இலங்கை மலைநாட்டில், இறம்பொடைக்கு மேலே இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவருக்கு, கூலி வீட்டு வரிசையான லயத்தில் 'பட்டாளத்தார்' என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒட்டகம் தன் தலைப்பாகையைத் தின்ற கதையைச் சொல்லி லயத்தையே சிரிக்க வைப்பார். ஆனால் ஆடி அமாவாசையன்று சிரிப்பு கிடையாது. யாரையும் கிட்டே விடாமல், வாழையிலையில் பதினொரு சோற்று உருண்டை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஊரைச் சொல்லிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த மணலில் வெயிலிலும் வாந்திபேதியிலும் செத்து, ஆற்றங்கரையில் அவர் கையாலேயே புதைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

பூரணி அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுதி வைக்கிறேன் என்று அவள் எத்தனையோ வருசம் கேட்டாள். "எழுதி வச்சுட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்? கொப்பிய மூடி வச்சுருவீங்க" என்று தட்டிவிட்டார். முந்தாநாள்தான் அவராகவே கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார்.

"பொன்னையாவக் கேளு," என்றார் இப்போது, திடீரென்று தெளிந்த குரலில். "அவனுக்குத் தெரியும்."

பொன்னையா பட்டாளத்தில் கூட இருந்தவர். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மகனோடு இருக்கிறார். பூரணியின் கல்யாணத்துக்கு வந்து போனவர். அவள் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பியபோதும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

சிவசாமி வாசலில் வைத்து அவள் கையைப் பிடித்தான். தேயிலை அரைக்கும் இஸ்டோரில் ராவேலை முடிந்து வந்தவனின் சட்டையெல்லாம் தேயிலைத் தூள். "போகாதக்கா. ரெண்டு பஸ்ஸு மாறணும். நீ திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"பேரு கெடைக்காம இவரு உசுரு நிம்மதியாப் போகாதுடா."

"செத்து நாப்பது வருசமான ஆளுங்கக்கா அவுங்க. இவரு நம்ம அப்பா."

உள்ளேயிருந்து விரல் விட்டு எண்ணும் முணுமுணுப்புக் கேட்டது. கொப்பியை மடித்து மடியில் செருகிக்கொண்டு, மழைக்குக் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டு இறங்கிவிட்டாள்.

ஐப்பசி மழை. பஸ் மூடுபனிக்குள் ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். அடுத்த வளைவில், பாதி தூரம் வந்தாயிற்றே என்று நினைத்தாள். நுவரெலியாவில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். அப்பா இந்நேரம் கஞ்சி குடித்திருப்பாரா? தம்பி பெண்டாட்டி வீரம்மா தலையைத் தூக்கிப் பிடித்துத்தான் ஊட்டுவாளா? புரையேறினால் என்ன செய்வாள்?

பொன்னையா லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. செய்தியைக் கேட்டதும் எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"என்னத் தூக்கிட்டுப் போக ஆளிருந்தா வந்துருவேன் தாயி."

"நீங்க பேரு மட்டும் சொல்லுங்க மாமா. நான் உடனே போகணும்."

அவள் ஒன்பது பேரையும் படித்தாள். கிழவர் கண்ணை மூடிக் கேட்டார். "குளித்தலை பெருமாள். மணப்பாறை காத்தான். காத்தானுக்கு ஒரு காது கேக்காது." அவள் அவசரமாக எழுதினாள். பதினொன்று. கொப்பியை மடித்தாள். எழுந்துவிட்டாள்.

"மூக்கன எழுதுனியா?"

"எந்த மூக்கன் மாமா? அப்பா பதினொரு பேருதான்னு சொல்லுவாரு."

பொன்னையா சாக்கில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். "மொத்தம் பன்னெண்டு பேரு தாயி. மூக்கன் ஒங்கப்பனுக்குக் கூடப் பொறந்த தம்பி. பதினேழு வயசு. ஒங்கப்பன்தான் ஆசை காட்டிக் கூட்டியாந்தான். ஒரே நாளு. காலையில வயித்தால போச்சு, பொழுது சாய முடிஞ்சிருச்சு."

பூரணி நின்ற இடத்திலேயே குந்தினாள். அவளுக்குத் தெரிந்தவரை அப்பா ஒற்றைப் பிள்ளை.

"ஒங்கப்பன் ஊருக்குக் காயிதம் போட்டான். மூக்கனுக்கு வெள்ளக்காரன் நல்ல வேல குடுத்துட்டான், அவன் இங்கேயே இருக்கான்னு எழுதச் சொன்னான். கப்பல் திரும்புனப்ப, ஆத்தா மொகத்துல முழிக்க மாட்டேன்னு அழுதான். வீட்டுக்கே போகல. மண்டபம் வழியா ரெண்டு பேரும் நேரா இங்க வந்துட்டோம். ஆத்தா சாகுற மட்டும் மாசாமாசம் ஒங்கப்பன்தான் இங்கேருந்து காசு அனுப்புனான், மூக்கன் அனுப்புறதா." அவர் வீங்கிய காலைத் தடவினார். "அப்புறம் மூக்கனப் பத்தி நானா எதுவும் கேட்டதில்ல. அவனும் சொன்னதில்ல."

திரும்பும் பஸ்ஸில் அவள் கொப்பியை விரித்தாள். பன்னிரண்டாவது வரியில் பென்சிலை வைத்தாள். எழுத வரவில்லை. ஒரு நாளும் அந்தப் பேருக்கு அவர் உருண்டை வைக்கவில்லை. அவர் கணக்கில் உயிரோடிருப்பவனுக்கு யார் வைப்பார்கள்? பென்சிலை எடுத்துவிட்டாள்.

இறம்பொடைக்கு இரண்டு மைல் இருக்கும்போது மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடந்தது. சிங்களச் சாரதி கையை விரித்தார். "யன்ன பே நங்கி, போக முடியாது." அவள் இறங்கிச் சேற்றில் நடந்தாள். நடை ஓட்டமானது. ஒரு தடவை விழுந்து எழுந்து, கொப்பி இருக்கிறதா என்று மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெருமாள், காத்தான். பெருமாள், காத்தான். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய்விட்டே சொன்னாள்.

தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறும்போது சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. மேல் லயமாக இருக்கும் என்று நினைத்தாள். மேல் லயத்திலும் ஒரு கிழவி கிடையாகக் கிடக்கிறாள். இன்னும் கொஞ்சம் ஏறினாள். சத்தம் மேலேயிருந்து வரவில்லை. அதற்குமேல் ஓடவில்லை, மெதுவாகத்தான் நடந்தாள்.

அப்பாவைக் குளிப்பாட்டி நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் குரலை உயர்த்தி இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

சிவசாமி கதவு நிலையில் சாய்ந்து நின்றான். "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு. பூரணி வந்துட்டாளான்னு மூணு தடவ கேட்டாரு." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே, "பேரு கெடச்சுதா?"

"கெடச்சுது."

அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பாடையில் கிடத்தி வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். சடங்கு நடத்திய பெரியவர், "கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அப்பா ஒத்த ஆளு," என்றான் சிவசாமி.

சிவசாமி போட்டான். வீரம்மா போட்டாள். பூரணி குனிந்து அரிசியை அப்பாவின் உதட்டில் வைத்தாள். நிமிர்ந்தவள், சுளகிலிருந்து இன்னொரு பிடி அள்ளினாள்.

"மதினி, நீங்க போட்டுட்டீங்க," என்று வீரம்மா மெல்லச் சொன்னாள்.

"இது மூக்கன் போடுறது."

யாருக்கும் புரியவில்லை. துக்கத்தில் என்னமோ சொல்கிறாள் என்று பெரியவர் விட்டுவிட்டார். அந்தப் பிடி சிந்தாமல் அப்பாவின் வாயில் இறங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. சிவசாமி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பு முழங்கியது, தூக்கிவிட்டார்கள்.

ஓடையில் முழுகிவிட்டு ஆண்கள் திரும்பியபோது பொழுது உச்சி சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். சிவசாமி ஈர வேட்டியோடு வந்து அவளருகே தரையில் உட்கார்ந்தான்.

"மூக்கன்னா யாருக்கா?"

அவள் சொன்னாள். அதிக நேரம் பிடிக்கவில்லை. அவன் அவள் பக்கத்தில் கிடந்த கொப்பியைப் பார்த்தான்.

"கையத் தொடச்சுக்க," என்றாள்.

அவன் துண்டில் கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தான். மழையில் நனைந்து பென்சில் எழுத்து அங்கங்கே கலைந்திருந்தது. வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டினான்.

"தோட்டம்... அங்கமுத்து."

"தோட்டமில்லடா," என்றாள் பூரணி. "தொட்டியம்."

"தொட்டியம் அங்கமுத்து," என்று அவன் சத்தமாகப் படித்தான்.