தண்ணீரா, வாளா

எருசலேம் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் சந்தியாகப்பர் கொட்டாய் என்ற ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பேரிகைச் சந்தை எந்தக் கிழமை என்று கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வார்கள். ஆனாலும் அந்த எருசலேமுக்காக, ஆடி மாதம் ஊர்க்கோயில் புனிதர் சந்தியாகப்பர் திருநாளில், அந்த ஊர் வருஷா வருஷம் துருக்கனோடு சண்டை போட்டது. எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தன் தேசத்துப் பழைய பகையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இங்கே நாடகமாக அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். சண்டை போட்ட இரண்டு பக்கத்தாரும் மண்ணாகி எத்தனையோ நூறு வருஷம் ஆகிறது. நாம்தான் எதையும் லேசில் விடமாட்டோமே.

சண்டைக்குத் துருக்க ராஜா ஒருத்தன் வேண்டும். வேதக்காரர்களில், அதாவது கிறிஸ்தவர்களில், யாரும் அந்த வேஷம் கட்ட மாட்டார்கள். சந்தியாகப்பர் காலில் எதிரியாக விழுவது குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால் சேரியிலிருந்து திம்மராயனின் அப்பனைப் பிடித்தார்கள். கூலி, கோயில் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்ள இடம். அப்பன் செத்த பிறகு வேஷமும் குடிசையும் ஒன்றாகவே திம்மராயன் தலையில் விழுந்தன. அவன் வேதத்தில் சேர்ந்தவன் இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன்.

நாடகம் பட்டப்பகலில் கோயில் முன்னால் நடக்கும். மத்திகிரி ஜட்கா வண்டிக்காரர் தஸ்தகீர் சாயபு குதிரை கொடுப்பார். துருக்கனை மிதிக்கச் சாயபுவின் குதிரை! இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. சேரிப் பிள்ளைகள் துருக்கச் சிப்பாய்களாக வந்து வெட்டுப்பட்டு விழுவார்கள். விழுந்தவர்கள் பந்தி முடிந்து மணி அடிக்கும்வரை பிணமாகவே கிடக்க வேண்டும். செத்தவனுக்கு இலை கிடையாது. துருக்க ராஜாவை மட்டும் பிடித்து மூங்கில் கூண்டில் அடைப்பார்கள். சந்தியாகப்பர் மூன்று தரம் கேட்பார், "தண்ணீரா, வாளா?" ராஜா இரண்டு தரம் "வாள்!" என்று கர்ஜிப்பான். மூன்றாம் தரம் தலை குனிந்து "தண்ணீர்" என்பான். கோயில் சாமியார் வந்து, கோயில் தொட்டித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றுவார். துருக்கன் வேதத்தில் சேர்ந்தான் என்று ஊர் கத்தும்.

அதற்குப் பிறகுதான் பந்தி. பந்தியின் முதலிடத்தில் திம்மராயனுக்கு இலை. சந்தியாகப்பர் வேஷம் கட்டும் இன்னாசப்பன், தன் இலையிலிருந்து முதல் கவளத்தை உருட்டி அவன் வாயில் ஊட்டுவார். மற்ற நாளெல்லாம் திம்மராயன் அதே இன்னாசப்பனின் நிலத்தில் வேலை செய்து, கொல்லைப்புறத்தில் தள்ளி நின்று கூழ் வாங்கிக் குடிக்கிறவன். அந்த ஒரு கவளத்துக்காகத்தான் அவன் துருக்கனாக இருந்தான் என்று சொன்னால் பொய்யில்லை.

சுதந்திரம் வந்து எட்டாம் வருஷம், அரிஜனங்களுக்கு சர்க்கார் புறம்போக்கிலிருந்து தர்க்காசு நிலம் கொடுத்தது. சானமாவுக் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் திம்மராயனுக்கு என்று பேச்சானது. விளைந்தால் பாதி யானைக்குத்தான். இருந்தாலும் சொந்த மண். அந்த மண்ணில் பல வருஷமாகக் கொள்ளு விதைத்து அனுபவித்த நாராயணப்பனுக்கு வயிறு எரிந்தது. விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் போட்டார்.

இன்ஸ்பெக்டர் திம்மராயனைக் கூப்பிட்டார். "ஏம்பா, வருஷா வருஷம் நீ ஞானஸ்நானம் வாங்கறயாமே?"

"அது நாடகங்க சாமி. வெறும் வேஷங்க."

"ஊத்தறவர் நெஜ சாமியார்தானே? தண்ணி கோயில் தண்ணிதானே?"

திம்மராயன் தலையை ஆட்டினான். இரண்டும் நிஜம்.

"வேதத்துல சேர்ந்தவனுக்கு இந்த நெலம் கெடயாது. அது சட்டம். திருநாளுக்கு நாராயணப்பன் என்னையும் கூப்பிட்டிருக்காரு. நானே வந்து என் கண்ணால பாத்துட்டு எழுதறேன்."

திம்மராயன் இன்னாசப்பனிடம் ஓடினான். "ஆண்டே, இந்த ஒரு வருசம் தண்ணி வேணாங்க."

"தண்ணி வாங்காத துருக்கன் எங்கடா இருக்கான்? துருக்கன் நனைஞ்சாதான் மழ வந்து கேவுரு நனையும்னு நம்பற ஊரு இது. வேசமே வேணாம்னு சொன்னயோ, குடிசையப் பிரிக்கச் சொல்வாங்க. என்னால ஒண்ணும் ஆகாது, திம்மா." இன்னாசப்பன் கெட்டவரில்லை. ஆனால் ஊரை எதிர்த்து நிற்கும் முதுகெலும்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

வீட்டில் பெண்டாட்டி கெம்பம்மா ஒரே பேச்சாகச் சொன்னாள். "எனக்கு நெலம் வேணும். எத்தினி நாளு அடுத்தவன் மண்ணுல குனியறது?"

வேஷத்தை விட்டால் குடிசை போகும். தண்ணீர் வாங்கினால் நிலம் போகும். திருநாளன்று நீலச் சட்டையும் காகிதக் கிரீடமுமாகத் திம்மராயன் கூண்டுக்குள் போய் நின்றபோது, அது மூங்கில் கூண்டாகவே தெரியவில்லை. வியர்வையில் முகத்து அரிதாரம் கரைந்து கண்ணில் எரிந்தது. எதிரே நாற்காலியில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நாராயணப்பன், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்த முகம். ஒரு ஓரத்தில் தண்ணீர்ச் செம்போடு சாமியார். அடுப்பிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது. ஊரே பசித்து நின்றது.

"தண்ணீரா, வாளா?" இன்னாசப்பன் கேட்டார்.

"வாள்!"

"தண்ணீரா, வாளா?"

"வாள்!"

மூன்றாம் தரம் கேட்கும்போது இன்னாசப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். சாமியார் செம்போடு ஓர் அடி முன்னால் வந்தார். திம்மராயன் கூட்டத்தில் கெம்பம்மாவைத் தேடினான். அவள் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வாள்," என்றான் திம்மராயன்.

கூட்டம் கொதித்தது. "டேய், மறந்துட்டியா? தண்ணின்னு சொல்லுடா!" "மழ வராதுடா பாவி!" யாரோ கூண்டின் மேல் மண்ணை வாரி வீசினார்கள்.

நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாயபு சத்தமாகவே சொன்னார். "நெஜத் துலுக்கன் நானு. என்னெ யாரும் கூண்டுல போடல. பாவம், அவனெ ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?" யாரும் காதில் வாங்கவில்லை.

"வாள்னு சொல்லிட்டேன், சந்தியாகப்பரே," என்றான் திம்மராயன். "வெட்டுங்க."

இன்னாசப்பன் ராஜாவை வெட்டிப் பழகியவரில்லை. கூண்டைத் திறந்து, மரக்கத்தியை அவன் தோளில் பட்டும் படாமலும் வைத்தார். திம்மராயன் அடியற்ற மரமாக விழுந்தான். கிரீடம் உருண்டு போய்க் குதிரைக் காலடியில் நின்றது.

பந்தி போட்டார்கள். செத்துக் கிடந்தவன் அரைக்கண்ணால் பார்த்தான். பழக்க தோஷத்தில் யாரோ பந்தியின் முதலிடத்தில் ஒரு இலை போட்டுவிட்டு, நினைவு வந்ததும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த இலை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தான்.

பிறகு காலடிச் சத்தம். இன்னாசப்பன் பந்தியிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் மண்ணில் மண்டி போட்டார். கையில் கறிக்குழம்பில் பிசைந்த கவளம்.

"திம்மா. வாயத் தொறடா."

பந்தி முழுவதும் கை நின்றுபோனது. "பாருங்க சார், நல்லாப் பாருங்க," என்று நாராயணப்பன் துள்ளி எழுந்தார். "சேர்ந்தவனுக்குத்தான் அந்தச் சோறு. தின்னான்னா இவனும் சேர்ந்தவன்தான். ஊரே சாட்சி."

"நாராயணப்பன் கெடக்கறான். நீ தின்னுடா," என்றார் இன்னாசப்பன். கவளம் உதட்டில் பட்டது.

இத்தனை வருஷம் ஊட்டியது சந்தியாகப்பர். இன்று வேஷம் முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், ஊர் பார்க்க வந்து மண்ணில் மண்டி போட்டிருப்பது இன்னாசப்பன். இது நாடகம் இல்லை. திம்மராயனுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பிணமாகக் கிடந்தான்.

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்த கை மெல்லப் பின்னால் போனது. இன்னாசப்பன் கவளத்தோடு எழுந்து போனார்.

"இவன் சேரல," என்றார் இன்ஸ்பெக்டர், இலையை மடித்துக்கொண்டே. "நெலம் இவனுக்குத்தான்."

மணி அடித்தது. செத்த சிப்பாய்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்கள். திம்மராயன் எழவில்லை. கெம்பம்மா ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்திரிய்யா. நெலம் நம்மதாம். கேட்டியா?"

அவன் கேட்டான். அவள் பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுத்தான். உதட்டில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. யாருக்கும் தெரியாமல் அதை நாக்கால் எடுத்து விழுங்கினான்.