பீரோவுக்கு எழுபத்தொரு ஓட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். ‘ஜனநாயகம் என்பது...’ (சீ, மேடைப் பேச்சு.) ‘திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அன்று நல்ல வெயில்...’ (என்றைக்கு இல்லை?) மூன்றாவது: ‘ஆண்டிச்சாமி தோற்ற அன்று நான் அழுதேன்.’ இது உண்மைதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிவேன். அதையும் அடித்தேன்.

2

ஆண்டிச்சாமி என்னோடு படித்தவன். திருமங்கலத்தில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். எங்கள் வார்டின் சாக்கடை அடைப்புக்கு மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், நகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றான். சின்னம் அலமாரி. நாங்கள் பீரோ என்றோம்.

ஜெயித்தவருக்கு எண்ணூற்றுச் சொச்சம். பீரோவுக்கு எழுபத்தொன்று.

நன்றி சொல்ல ஜெயித்தவர்தான் மாலையோடு வருவார். இவன் தோற்றும் கிளம்பினான். கையில் வாக்காளர் பட்டியல், ஒரு சிவப்புப் பேனா. வீடு வீடாகக் கும்பிட்டான். ‘ஒனக்குத்தாம்ப்பா போட்டேன்’ என்று சொன்னவர் பெயருக்கு நேரே ஒரு டிக். எதிர்வீட்டுச் சோலையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் டிக்.

என் வீட்டுக்கும் வந்தான்.

“மாப்ள, ஒன்னையக் கேக்கணுமா? சும்மா ஒரு பேச்சுக்கு.”

“ஒனக்குத்தாண்டா,” என்றேன். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நடிப்பில்லை, சத்தியமாக.

பத்து நாளில் இருநூற்றுப் பதினான்கு டிக்.

3

(கொஞ்சம் கட்டுரை மாதிரி பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஓட்டுப் போடும் அன்று என் விரல் பீரோவுக்கு நேராகத்தான் போனது. இவன் எங்கே ஜெயிக்கப்போகிறான், ஜெயிக்கிற ஆளுக்குப் போட்டால் சாக்கடையாவது அள்ளுவான் என்று ஓர் எண்ணம். விரல் கீழே இறங்கிவிட்டது.*

நான் போட்ட ஆள் ஜெயித்தார். தெருவில் வேட்டுச் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வராத வருஷங்கள், வரிசையில் நின்று நின்று என் முறை வந்ததும் மூடிய ஜன்னல்கள், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. நானே தோற்றதுபோல இருந்தது. கும்பிட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டபோது அவன் யாரோ ஒரு வேட்பாளர். தோற்ற பிறகு எங்கள் ஆள் ஆகிவிட்டான். தோற்றவனுக்காக அழுவதில் ஒரு வசதி, நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எல்லாம்தான் முடிந்துபோச்சே. எனக்கு அலுப்பாக இருக்கிறது, என்னை நினைத்துத்தான்.

* சாக்கடை இன்னும் அள்ளவில்லை.

4

இதோடு முடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஆனால் ஆண்டிச்சாமியின் மனைவி பாண்டிமீனா என்னைத் தேடி வந்துவிட்டாள்.

“அண்ணே, கடையப் பூட்டி ரெண்டு மாசமாச்சு. மோட்டாரத் தூக்கிட்டு வந்தவுக எல்லாம் வேற கடைக்குப் போயிட்டாக. இம்புட்டுப் பேரு நம்பியிருக்கும்போது கடையில போயி எப்பிடி ஒக்கார்றதுங்கிறாரு. அடுத்தவாட்டியும் நிக்கணுமாம்.”

“நான் என்னம்மா செய்ய?”

“நீங்க ஓட்டுப் போடலைன்னு சொல்லிருங்கண்ணே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் போடலைன்னு ஒனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. மத்தவுக சொன்னா பகையில சொல்றாகம்பாரு. நீங்க சொன்னாத்தான் அந்தப் பேனாவக் கீழ வைப்பாரு.”

“நீயே சொல்லலாமே.”

தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நானும் போடலண்ணே. தோத்துட்டா பேசாம கடைக்கு வந்துருவாருன்னு நெனச்சேன். லிஸ்ட்டுல மொத டிக்கே எனக்குத்தான்.”

5

முடிவு அ: நான் உண்மையைச் சொல்கிறேன். அவன் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடையைத் திறந்து... (எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: ‘எனக்குத் தெரியும் மாப்ள’ என்று சிரித்து அவன் என்னை மன்னித்துவிடுகிறான். (எனக்காக நானே எழுதிக்கொண்டது. வெட்கங்கெட்ட வேலை. அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. நேற்று மாலை போனேன். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் பட்டியலோடு உட்கார்ந்திருந்தான்.

“டேய், நான் ஒண்ணு...”

“ஒக்காரு மாப்ள.” தள்ளி இடம் கொடுத்தான். “நான் என்ன கிறுக்கனா? எழுபத்தொண்ணு எங்க, இருநூத்திப் பதினாலு எங்க? முக்காவாசிப் பேரு வாய்க்கு வந்தத சொல்லியிருக்காய்ங்க. மனசு ரொம்ப விட்டுப்போச்சுன்னா ரெண்டே ரெண்டு டிக்கத்தான் பாப்பேன். மீனாவுது ஒண்ணு, ஒன்னோடது ஒண்ணு. அது ரெண்டும் நெசம்ல?”

டீ சொன்னேன். இருவரும் குடித்தோம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

6

அவன் கதை படிக்கிறவன் இல்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது அந்த இரண்டு டிக்கும் பொய் என்று தெரிந்தவர்கள் பாண்டிமீனா, நான், நீங்கள். அவள் இன்று காலையும் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

திருமங்கலம் பக்கம் வந்தால் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்தில் உட்காருங்கள், இடம் கொடுப்பான். சொல்வதா வேண்டாமா என்று அவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும், பாவமாக இருக்கிறதே என்று ‘நானா இருந்தா ஒங்களுக்குத்தான் போட்டிருப்பேன்’ என்று சொல்லிவைக்காதீர்கள். சிவப்புப் பேனா அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.