ஒரே அளவில் இரண்டு டிஸ்க்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "அழிஞ்சதைத் திரும்ப எடுக்க முடியுமா? வீட்ல இன்னும் சொல்லல" என்றார். கடைக்காரர் டிஸ்கை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: "அன்று வானம் இருண்டு" வேண்டாம். வானத்துக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று: "லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனைவிமேல் கொள்ளைப் பிரியம்." இது இருக்கட்டும். பிரியம்தான் இந்தக் காரியத்தைக் கெடுத்தது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு செய்வாள். "வந்து கேளுங்களேன்" என்பாள். "இதோ வரேன்" என்பார். அந்த 'இதோ' வருஷக்கணக்கில் வரவேயில்லை.

பிறகு தைராய்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் கரகரத்துப் போயிற்று. பாட்டு நின்றது.

(இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அவளால் மறுபடி பாடிப் பதிவு செய்ய முடிந்தால் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரியாகிவிடும். பாவம், கதைக்காக ஒரு தொண்டையைக் காவு கொடுத்தேன்.)

3

கம்ப்யூட்டர் திறப்பதற்குள் டீ ஆறிப்போகிறது என்று அவள் அலுத்துக்கொண்டாள். அவர் ஓசைப்படாமல் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்றை வாங்கினார். பழைய ஹார்ட் டிஸ்க் பாட்டுகளோடு அப்படியே உள்ளே இருக்கட்டும், கம்ப்யூட்டரைக் கிளப்பும் வேலையைப் புதியது பார்க்கட்டும். நல்ல திட்டம்தான்.

லிஃப்டில் எதை மாற்றினாலும் பழையதன் அளவிலேயே புதியதைப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் எஸ்எஸ்டியையும் பழைய டிஸ்கின் அளவிலேயே கேட்டு வாங்கியிருந்தார். அதனால் விண்டோஸ் போட உட்கார்ந்தபோது திரையில் ஒரே அளவில் இரண்டு டிஸ்க். பழையதன் ஒயரைக் கழற்றி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. மேலே இருப்பதுதான் புதிது என்று நினைத்து, சுத்தமாக இருக்கட்டுமே என்று, அதை முழுவதுமாகத் துடைத்தார். துடைக்க வெகுநேரம் பிடித்தது. புத்தம்புதிய டிஸ்க் இப்படி ஊர்கிறதே என்று அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்ததைத் திறந்து பார்த்தார். அதுதான் யார் கையும் படாமல் புதிதாக இருந்தது. துடைத்தது பாட்டுகள் இருந்த பழையதை. எப்படியோ அதில் விண்டோஸைப் போட்டுவிட்டு, பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். அங்கேதான் நான் நின்றிருந்தேன்.

4

ஒரு முடிவு: கூட வேலை செய்யும் தோழியின் பென் டிரைவில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், எனக்கே கூசியது.

இன்னொன்று: "பழசுதானே, தானா போயிடுச்சு" என்று சொல்லித் தப்பிக்கிறார். வழியெல்லாம் அவர் அதைத்தான் மனப்பாடம் செய்தார். அவள் நம்பியும் விடுவாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது

(நிறுத்திவிட்டேன். அவரால் முடியவில்லை.)

5

"அட, பட்டுனு திறக்குதே" என்று அவள் மானிட்டர் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "எல்லாமே போச்சா?"

"எல்லாமே. என்னை நாலு திட்டாவது திட்டிடு."

"திட்டி என்ன ஆகப்போகுது." தண்ணீர் குடித்தாள். பேசினால் தொண்டை வலிக்கும். "நீங்க ஒண்ணாவது முழுசா கேட்டிருந்தா, என் குரல் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்காவது தெரியும்ல. சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

அவர் வாயைத் திறக்கிறார்.

கதை எழுதுகிறவன், ஒரு பொய்யாவது கொடுத்து உதவலாம். 'தேன் மாதிரி' என்று எழுதி அடித்தேன். 'நல்லா இருந்துச்சு' என்று எழுதி அதையும் அடித்தேன். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள்.