ஆமீன் சொன்ன கைகள்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் பிறந்தது. எங்கள் கோக்தால் கிராமத்து ஆற்றில் சரளைக்கல் தோண்ட வந்த கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையில் அது அச்சாகியிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே இரு கைகளையும் ஏந்தி நிற்கிறது. கீழே ஒரு வரி: ‘பொதுமக்கள் ஒருமனதாகக் கை உயர்த்தி ஆதரித்தனர்.’

அடப்பாவிகளா! கருத்துக்கேட்புக் கூட்டம் என்று கூட்டி வைத்த விருந்து முடிந்து, பெரியவர் சாதிபெக் உண்ட சோற்றுக்கு நன்றியாக துஆ என்ற பிரார்த்தனையை ஓத, நாங்கள் ஆமீன் சொன்ன கைகள் அவை. (ஆடு கம்பெனியுடையது. ஓசிச் சோறு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெட்டிய ஆட்டை வேண்டாம் என்பவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.)

2

பெர்மெத் ஒரு வீராங்கனை. அவள் கண்களில் நெருப்பு…

இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். பெர்மெத் ஆப்ரிகாட் தோப்புக்காரி, வாயாடி. ஆற்றைத் தோண்டினால் மட்டம் இறங்கி அவள் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. தோப்பு போனால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, இன்னொரு கருத்துக்கேட்புக் கூட்டத்தை வாங்கியே விட்டாள்.

“துஆவுக்குக் கை ஏந்தாதேங்கறியா? சோத்துக்கே அவமானம்டீ,” என்றார் சாதிபெக்.

“ஏந்துங்க மாமா, யாரு வேணாம்னா? கம்பெனி கேமராக்காரனுக்கு ஏந்தாதீங்க.”

“அவன் நம்ம விருந்தாளி.”

“ஆமா, ஆத்தையே மூட்டை கட்டிட்டுப் போற விருந்தாளி!”

3

முடிவு (அ): பெரியவர் துஆ ஓத மறுக்கிறார். சினிமா. வேண்டாம்.

முடிவு (ஆ): ஊரே பட்டினியாக எழுந்து… எங்கள் ஊரா? நானே நம்பமாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் கூட்டத்திலும் வாசலில் கொப்பரை கொதித்தது. “சாப்பிட்டுட்டுப் பேசலாமே அக்கா,” என்றார் கூட்டம் நடத்த வந்த மாவட்ட அதிகாரி.

பெர்மெத் எழுந்தாள். “வேணாம் தம்பி. முதல்ல கையை எண்ணுங்க, அப்புறம் சோறு. உண்ட மயக்கத்துல எங்களுக்கு எல்லாமே ஆமீன்தான்!”

மண்டபம் சிரித்தது. சாதிபெக் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்து, “கொப்பரையை மூடுங்கப்பா,” என்றார்.

“தோண்ட வேணாங்கறவங்க கை தூக்குங்க!” என்று சொல்லி அவளே முதலில் தூக்கினாள். துஆ என்று யாரும் எழுதிவிட முடியாதபடி, ஒற்றைக் கை.

4

எத்தனை கைகள் எழுந்தன?

எழுதமாட்டேன். ஊரார் கைகளுக்கு இன்னொருவன் அர்த்தம் எழுதியதில்தான் எங்களுக்கு இந்தக் கதி. இப்போது என் கதை நன்றாக முடிய வேண்டும் என்று நானே எல்லோர் கையையும் தூக்கிவிட்டால், அந்த அறிக்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நிதானமாக எண்ணலாம். பெர்மெத் கையை இறக்கப்போவதில்லை.