நுங்கு மட்டைக் கரி

எங்கள் தெருக் கிணறு சிவந்துபோனதற்கு அப்பாதுரையின் சாயப் பட்டறைதான் காரணம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிய கழிவைப் பட்டறைக்குப் பின்னால் பள்ளத்தில் விட்டார். அது ஊறி ஊறிக் கிணற்றுக்கே வந்துவிட்டது. மாசமாக இருந்த என் மனைவி வடிவு, குடிதண்ணீருக்கு ஓரிக்கைப் பாதைக் குழாய் வரைக்கும் குடத்தைச் சுமந்து நடந்தாள். நானோ பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிற வாத்தியார். வயிறு எரியாதா?

எழுபத்து மூன்றாம் வருஷம் கருட சேவைக்கு வந்த கூட்டம் தின்றுபோட்ட நுங்கு மட்டை வீதியெல்லாம் கிடந்தது. சாயத்தை உறிஞ்சுகிற கரி செய்யலாமென்று அள்ளி வந்து காயவைத்து, டின்னில் அடைத்து, களிமண் பூசிச் சுட்டேன். பூச்சு வெடித்துக் காற்று புகுந்து எல்லாம் சாம்பல்! அடுத்த தடவை மழை வந்து கெடுத்தது.

"இன்னா வாத்தியாரே, பல்பொடி கம்பெனியா?" என்று தெருவே சிரித்தது.

சிரித்துத் தொலையுங்கள் என்று மறுபடியும் சுட்டேன். கரி சிவக்கச் சிவக்க நீராவி பாய்ச்சி, பொடித்து, பீப்பாயில் மணலோடு அடுக்கினேன். மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கீழே பளிங்கு மாதிரி வந்தது.

"யாரும் குடிக்காதீங்கபா. கரி சாயத்தத்தான் நல்லா புடிச்சிக்கும். மயில்துத்தம், சோடாலாம் உள்ளயே இருக்கும். மெட்ராசுக்கு எடுத்துக்கினு போயி சோதிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

மெட்ராசில், மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு ஏகத்துக்கு இருக்கிறது, குடிக்கவே கூடாது என்றுவிட்டார்கள். ஓடி வந்தால் தெருவில் மேளச்சத்தம்! புதுத் தண்ணீர் கண்டால் முதல் குடம் அம்மனுக்கு என்பது எங்கள் தெரு வழக்கம். என் பீப்பாய்த் தண்ணீரை அப்பாதுரையே தலையில் சுமந்துபோய் அம்மன் கோயிலில் கொடுத்திருக்கிறார். பூசாரி கைலாசம் அபிஷேகத்தை முடித்துத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, குடிக்காதீங்க! அதுல விஷம் இருக்குது!"

"இன்னா பேச்சு பேசற?" என்று அப்பாதுரை எகிறினார். "அம்மா மேல பட்ட தண்ணி விஷமா? அப்ப நீ இன்னாத்துக்கு பீப்பா வெச்ச?"

கூட்டம் அவர் பக்கம். அந்த ஆளுக்கென்ன! தண்ணீர் சிவப்பாக இருந்தவரை ஊரே அவரைத் திட்டியது. இனி பள்ளத்தை மூடச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பாவி நான், எல்லாம் என் கரியால்!

வடிவு கையைக் குவித்து நின்றாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தீர்த்தம் தரையில் சிந்தியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வடிவின் முகம் அவமானத்தில் சுருங்கியது.

"செம்பு இருக்குதுடி. கொழந்தைக்கு ஆவாது. சொன்னா கேளு!"

அவள் என் கையை விலக்கிவிட்டுப் பூசாரியிடம் மறுபடி கை நீட்டினாள்.

"எனக்காகத்தான இம்மாம் பாடு பட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். ஈரக் கையை வயிற்றில் தடவிக்கொண்டாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு பீப்பாய்க்கு முன்னால் வரிசையில் போய் நின்றாள்.