குடிக்காமல் வைத்த காபி

யேமனிலிருந்து வந்த புதுக் காபிக்கொட்டையை அன்று காலை நானேதான் வறுத்தேன். சாயங்காலம் 'மஞ்சக்கல்' பாட்டுக் குழு என் காபிக் கடையில் இரண்டாவது பாட்டை எடுக்கும்போது அதன் முதல் கோப்பையைக் குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஸல்த் ஊரில் அவர்கள் பாட்டுக்கு என்னைப்போல் பைத்தியம் பிடித்தவள் வேறு யாரும் கிடையாது. பாட்டு தொடங்கியது. கோப்பையை உதட்டருகே கொண்டுபோனேன். வாசலில் அபூ ஷாஹிர் நின்றார்.

எதிர்வீட்டுக்காரர். போன மாதம் குழுவின் வண்டி இறக்கத்தில் பின்னால் உருண்டு அவர் மகன் ஷாஹிரின் காலை முறித்துவிட்டது. ஓட்டியவன் குழுவில் தர்புக்கா மேளம் வாசிக்கும் மஜ்த். சமாதானம் முடியும்வரை மஜ்த் இந்தத் தெருவில் தலைகாட்டக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தது நான்தான். அவன் தாளம் இல்லாமல் மஞ்சக்கல்லை யார் கேட்பது? எதிர்வீட்டுப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாட்டு பாதியில் நின்றது. மஜ்த் தர்புக்காவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயத்தில் என் கை பழக்கப்படி வேலை செய்தது. வந்தவருக்கு முதலில் காபி. கெண்டியைத் தூக்கி ஊற்றி நீட்டிவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டார், உட்கார்ந்தார், ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

எங்கள் ஊர் வழக்கம் இது. அப்படி வைத்தால் அவருக்குக் கேட்க ஒன்று இருக்கிறது, கொடுத்தால்தான் குடிப்பார். மறுத்தால் காபி ஆறும், என் அப்பா பெயர் ஊரெல்லாம் நாறும். ஊற்றாமல் இருந்திருந்தால் சண்டையோடு போயிருக்கும். நானே வலியப் போய் அவர் கையில் பிடியைக் கொடுத்துவிட்டேன்.

"நுஹாக்கா, நானே வெளிய போயிடறேன்," என்றான் மஜ்த்.

"வாயை மூடிட்டு உக்காருடா. என் கடைக்கு வந்தவன் நீ."

அபூ ஷாஹிர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.

"குடிங்க, அபூ ஷாஹிர்," என்றேன் கடைசியில். "என்னுதுன்னு எது இருக்கோ, கேளுங்க, தந்தாச்சு. ஆனா என் கூரைக்குக் கீழ இருக்கிறவன் என்னுது இல்ல. அவனைத் தர முடியாது."

"அவனை யாரு கேட்டா?" என்று சீறினார். "இந்தச் சுள்ளானை வச்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

"கால் உடைஞ்சதுலேர்ந்து எம்மவன் யார்கிட்டயும் பேசலை, நுஹா. சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கான். இவனுங்க பாட்டு மட்டும் போன்ல ஓடும். இப்ப, சாத்தின ஜன்னல் வழியா லேசாக் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. அவன் தலையைத் தூக்கி, 'யாப்பா, அது மஜ்த் கை'ன்னான். கட்டையை எடுத்துட்டுக் கெளம்பினேன். அவன் என் சட்டையைப் புடிச்சுக்கிட்டான். 'அடிக்காத. ஜன்னலைத் தெறக்கச் சொல்லு'ன்னான்."

நான் கெண்டியைக் கீழே வைத்தேன்.

"கேக்க வந்தது அவ்வளவுதான்," என்றார். "ஜன்னலைத் தெற."

ஓடிப்போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். சந்துக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் ஷாஹிரின் கட்டில். தலையணைமேல் மாவுக்கட்டுப் போட்ட கால். அபூ ஷாஹிர் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"ஏலக்காய் கம்மி," என்றார். ஆனால் போதும் என்று கோப்பையை ஆட்டவில்லை, இன்னொன்றுக்கு நீட்டினார்.

மஜ்துக்கு வாசிக்க வரவில்லை. விரல் தர்புக்காவின் தோலில் பட்டதும் கையை எடுத்துக்கொண்டு அழுதான். அப்போது எதிர்க் கட்டிலிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. ஷாஹிர் தன் மாவுக்கட்டின்மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான், பாட்டு நின்ற இடத்திலிருந்து.

மஜ்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளத்தைப் பிடித்தான். என் காபி எப்போதோ ஆறிவிட்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.